இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஹீட்டிங் செலவையும் கிரெடிட் கார்டு கடனையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

"ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் கார்டு கடனை அடைக்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2022 டிசம்பரில் நாங்கள் அதைத்தான் செய்தோம். உங்களுக்கும் எங்களைப் போல வாடகை வீடு, சின்னக் குழந்தைகள், ஊரில் நகைக்கடன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

"இரண்டு பேரும் வேலை பார்க்கிறீர்கள், பவுண்டில் சம்பளம், பிறகு எப்படிக் கடன் வந்தது?" என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்தபோது எங்களுக்கு இங்கே கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டிய பதிவு கிடையாது. அதனால் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தோம். 2022 ஆகஸ்டில் இரண்டாவது குழந்தை. மனைவி கேர் ஹோமில் நர்ஸ். முதல் ஆறு வாரம் சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. அதற்கப்புறம் சட்டப்படி வரும் பேறுகாலத் தொகை மட்டும்தான், வாரத்துக்கு 156.66 பவுண்டு. நான் லெஸ்டரில் ஒரு வேர்ஹவுஸில் நைட் ஷிப்ட். பெரும்பாலும் அரிசி, பால் பவுடர், நாப்பி வாங்கியே மூன்று மாதத்தில் இரண்டு கார்டுகளும் நிரம்பிவிட்டன. ஆடம்பரம் என்று ஒரு ரசீதுகூட அதில் இல்லை.

அந்த அக்டோபரில்தான் கரண்ட் யூனிட்டுக்கு 34 பென்ஸ், கேஸ் 10.3 பென்ஸ் ஆனது. அரசாங்கம் தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகே இந்த விலை. டிசம்பர் இரண்டாவது வாரம் பனி பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்கும் மேலாக இரவெல்லாம் உறைநிலைக்குக் கீழே. கார்டு தவணை தவறினால் விசா நீட்டிக்க மாட்டார்கள் என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, இரண்டு கார்டுக்கும் குறைந்தபட்சத் தவணைக்கு மேலேயே கட்டிவிட்டு, ஹீட்டிங்கை அணைத்தோம். நான்கு பேரும் ஒரே அறையில். சின்ன ஃபேன் ஹீட்டர் ஒன்று வாங்கினேன், செலவு குறையும் என்று நினைத்து. அது 2 கிலோவாட், மணிக்கு 68 பென்ஸ். அதே சூட்டை வீட்டு ஹீட்டிங்குக்கான கேஸ் பாய்லரில் எடுத்தால் 25 பென்ஸ்கூட ஆகாது. இந்தக் கணக்கை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து கீழே கட்டையில் தேங்கி நிற்கும். துண்டால் ஒற்றி எடுத்துப் பிழிந்தால் அரை டம்ளர் வரும். பீரோவை நகர்த்திப் பார்த்தால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. பெரியவனின் பள்ளிக்கூட ஷூவுக்குள்ளும் அது ஏறியிருந்தது. அவனுக்கு அப்போது ஆறு வயது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு நடுராத்திரியில் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டில் ஹீட்டிங் போடுகிறீர்களா?" என்றுதான். தினமும் பத்துப் பேருக்கு மருந்து கொடுக்கும் என் மனைவி பதில் சொல்லாமல் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை என்னால் மறக்க முடியாது.

அவளோடு வேலை பார்க்கும் ஒரு மலையாளி அக்கா சொல்லித்தான் ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். இலவசம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பிலும் இதே உதவி கிடைக்கும். வாடகை, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), கேஸ், கரண்ட் இவைதான் முதலில் என்றார்கள். இவற்றைக் கட்டாவிட்டால் வீடு போகும், கவுன்சில் கோர்ட்டுக்குப் போய் ஜப்தி ஆட்களை அனுப்பும். கார்டும் பர்சனல் லோனும் இரண்டாவது வரிசை. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். தினமும் போன் செய்து மிரட்டுகிறவனுக்கு முதலில் பணம் கொடுக்கத்தானே தோன்றும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாளுக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி, அபராதம், மிரட்டல் போன் எதுவும் கூடாது. ஆனால் வாடகையும் நடப்பு பில்களும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 60 நாளில் இரண்டு கார்டுக்கும் சேர்த்து மாதம் 45 பவுண்டு என்று பேசி முடித்தோம். கிரெடிட் ஸ்கோர் போகும், டிஃபால்ட் (கடனைக் கட்டத் தவறியவர் என்ற குறிப்பு) ஆனால் ஆறு வருடம் பதிவில் நிற்கும். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டோம். கார்டு தவணை தாமதமானதற்காக விசா போகாது, ஆனால் என்.எச்.எஸ்ஸுக்கு (அரசு மருத்துவ சேவை) 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் குடியேற்ற விண்ணப்பத்தில் சிக்கல் வரலாம். நான் வக்கீல் இல்லை, உங்கள் நிலைமையை நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மீட்டர். எங்கள் வீட்டில் ப்ரீபெய்ட் மீட்டர், மாடிப்படிக்குக் கீழே. கடையில் கரண்ட் சாவியில் (மீட்டரில் செருகும் ரீசார்ஜ் சாவி) 20 பவுண்டு ஏற்றிக்கொண்டு வந்து செருகினால் 13 சொச்சம்தான் ஏறும். விலை கூடிவிட்டது போல என்று மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டேன். ஆலோசகர் சொன்ன பிறகு கரண்ட் கம்பெனியைக் கூப்பிட்டால், முன்பு குடியிருந்தவரின் பாக்கி மீட்டரில் அப்படியே இருந்து எங்கள் பணத்தில் கழிந்துகொண்டிருந்திருக்கிறது! வாடகை ஒப்பந்தத்தை அனுப்பியதும் புதுச் சாவி வந்தது, 110 பவுண்டு திரும்பக் கிடைத்தது. குடிபோன அன்றே மீட்டரை போட்டோ எடுத்து, தேதியைக் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். ப்ரீபெய்ட் இல்லையென்றால் பில்லில் இருப்பது உண்மையான ரீடிங்கா, அவர்களே போட்ட மதிப்பீடா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் உங்களால் முடிந்த தவணையை வைத்துத்தான் அவர்கள் திட்டம் போட வேண்டும். கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் பத்துத் தவணை என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் வராது. அந்தப் பணத்தை நாங்கள் அப்படியே கேஸ் மீட்டரின் ப்ரீபெய்ட் கார்டில் ஏற்றுகிறோம்.

பாய்லரில் ரேடியேட்டருக்கு (அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு) போகும் தண்ணீரின் சூட்டை 75 டிகிரியிலிருந்து 60-க்குக் குறைத்தேன். கேஸ் செலவு கொஞ்சம் குறைந்தது. சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள பாய்லர் என்றால் இதைச் செய்யாதீர்கள், தொட்டியில் கிருமி வரும். அறையில் 18 டிகிரிக்குக் கீழே போகவிடுவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. 2022 நவம்பரில் ஊரில் ஒரு கல்யாணம். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் 5,000 ரூபாய் செய்திருந்தார்கள். நாங்கள் கார்டில் எடுத்து 15,000 ரூபாய் அனுப்பினோம். மொய் நோட்டில் எழுதும்போதே, "லண்டன்ல இருந்துக்கிட்டு இவ்வளவுதானா?" என்று என் அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். நாங்கள் லண்டனில் இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அம்மா அதை என்னிடம் சொல்லவே இல்லை, தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அது தெரியவந்த ராத்திரி அந்த ஒரே அறையில் நான்கு போர்வை போட்டுப் படுத்திருந்தோம்.

இப்போது ஒரு கார்டு முடிந்துவிட்டது. இன்னொன்றில் 11 தவணை பாக்கி. நகையில் ஒரு செயினை மட்டும் மீட்டிருக்கிறோம், வளையல்கள் இன்னும் பேங்கில்தான் இருக்கின்றன. பெரியவனுக்கு இன்ஹேலர் தொடர்கிறது.