பகல் தூக்கமும் டியூட்டிதான்

சகோதரி, ஆறு மாதம் டே டியூட்டி பார்த்து இப்போதுதான் கை பழகியிருக்கிறது, அதற்குள் அடுத்த மாதத்திலிருந்து நைட் போட்டுவிட்டார்கள், நாட்டுக்கும் புதுசு வேலைக்கும் புதுசு, ராத்திரி முழுக்க எப்படி விழித்திருப்பது, உடம்பு கெட்டுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் நர்ஸாக வெளிநாடு வந்து 16 வருஷம் ஆகிறது, அதில் 9 வருஷம் நைட்டிலேயே போனது. விழித்திருப்பதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம், வார்டில் வேலை உங்களை உட்கார விடாது. பயப்பட வேண்டியது பகலைப் பற்றி. காலையில் ரூமுக்கு வந்தபின் தூங்க வேண்டிய ஏழு மணி நேரத்தை யாரும் தொடாமல் காப்பாற்றிவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

நான் முதல் மாதத்தில் அதைத்தான் கோட்டைவிட்டேன். எட்டரை மணிக்கு வந்து படுப்பேன், பத்து மணிக்கெல்லாம் வீட்டிலிருந்து போன் வரும், அவர்களுக்கு அதுதான் வேலை ஓய்ந்த நேரம். அம்மாவின் குரலைக் கேட்காமல் படுக்கவும் மனசு வராது. பேசிவிட்டுத் திரும்பப் படுத்தால் தூக்கம் போயிருக்கும், அப்புறம் வங்கி வேலை, துணி துவைப்பது என்று பகல் ஓடிவிடும். பகலில் நான்கு மணி நேரம்கூடத் தூங்காமல் வரிசையாக நான்கு நைட் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் காலை கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். சிவப்பு விளக்கில் நின்றது நினைவிருக்கிறது, அடுத்து நினைவிருப்பது பின்னால் வந்தவர் விடாமல் அடித்த ஹாரன். நின்ற இடத்திலேயே தூங்கியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள், பல நாடுகளில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லையே அதுதான். அதனால் முதல் சில வாரம் நைட் முடிந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வாருங்கள். வேறு வழியே இல்லை, வண்டிதான் என்றால், கண் சொக்கும்போது ஆஸ்பத்திரியிலேயே 20 நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டாரிடம் முதல் நைட்டுக்கு முன்பே பேசிவிடுங்கள். "இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை எனக்கு நடுராத்திரி" என்று அவர்களுடைய கடிகாரக் கணக்கில் சொல்லுங்கள். அவசரம் என்றால் யாராவது ஒருவருடைய எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கிற மாதிரி போனில் வைத்துக்கொள்ளலாம். டியூட்டிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் பேசுவது வழக்கமாகிவிட்டால் அம்மாவும் நிம்மதியாக இருப்பார். ஒரே வீட்டில் தங்கியிருப்பவர்களிடமும் உங்கள் டியூட்டி அட்டவணையைக் கொடுத்துவிடுங்கள், கேட்காமல் யாருக்கும் தெரியாது.

பகலில் தூக்கம் வராததற்குக் காரணம் வெளிச்சம். நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் இருட்டில்தான் சுரக்கும். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போடுங்கள், கண்பட்டை, காதடைப்பான் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அறை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும். காபி குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அதில் பாதி உடம்பில் இருக்கும், ஆகவே ஒன்பது மணிக்குப் படுப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் காபியைத் தொடாமல் இருப்பது நல்லது. கூட வேலை செய்பவர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரை எதையும் போட ஆரம்பிக்காதீர்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் நைட்டுக்கு மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். கடைசி நைட் முடிந்த காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு, ராத்திரி எல்லோரையும் போலப் படுத்துவிடுங்கள். முடிந்தால் இன்சார்ஜிடம் கேட்டு நைட்டுகளைத் தொடர்ச்சியாக மூன்றாகப் போட்டு வாங்குங்கள், ஒரு நாள் டே, ஒரு நாள் நைட் என்று சிதறிப் போட்டால்தான் உடம்பு திண்டாடும்.

இனி வார்டு. ராத்திரி மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் சூடு குறைந்து, கண்ணும் புத்தியும் மந்தமாகும். அது பழக்கமில்லாததால் வரும் பலவீனம் என்று நினைக்காதீர்கள், பல வருஷம் நைட் பார்த்தவர்களுக்கும் அந்த நேரம் அப்படித்தான். ஒருமுறை நாலரை மணிக்கு மருந்து எடுத்தபோது சார்ட்டில் மேல் வரியைப் பார்த்துவிட்டுக் கீழ் வரியின் அளவை எடுத்துவிட்டேன், சரிபார்க்க வந்த சீனியர் நர்ஸ் தடுத்தார். அன்றிலிருந்து அந்த நேரத்தில் எடுக்கும் எந்த மருந்தையும் வாய்விட்டுப் படித்துத்தான் எடுக்கிறேன், அளவைக் கணக்குப் போடுவது இருந்தால் இன்னொருவரையும் போடச் சொல்கிறேன். இடைவேளையில் தூங்க அனுமதி இருந்தால் 20 நிமிஷம் தூங்குங்கள். அதற்கு மேல் போனால் எழுந்ததும் தலை கனக்கும். அதிகாலை ரத்த சாம்பிள், வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், சூடு பார்ப்பது), ஹேண்டோவர் (அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும், ஹேண்டோவருக்கான குறிப்பை மூன்று மணிக்கு முன்பே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

பகலெல்லாம் அமைதியாக இருந்த வயதானவர்கள் இருட்டியதும் குழம்பிப்போய் டிரிப்பைப் பிடுங்குவார்கள், கட்டிலை விட்டு இறங்குவார்கள், தங்கள் வீட்டில் இருப்பதாக நினைத்துக் கத்துவார்கள். அதட்டாதீர்கள். மெல்லிய விளக்கு ஒன்றைப் போட்டு, அவர்களுடைய கண்ணாடியையும் காது கருவியையும் கொடுத்து, எங்கே இருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். திடீர்க் குழப்பம் தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு இவற்றின் அறிகுறியாகவும் இருக்கும், அதனால் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், டாக்டரை எழுப்புவது. புதிதாக வந்த நம்மவர்கள் பலரும் இதில்தான் தயங்குகிறார்கள், நானும் தயங்கினேன். நம் உச்சரிப்பு போனில் புரியுமா, இதற்கெல்லாமா எழுப்பினாய் என்று கோபப்படுவாரோ என்று நினைத்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விடும். மூச்சு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிற நோயாளிக்கு அந்த அரை மணி நேரம் பெரிது. போனை எடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, எதற்காகச் சேர்க்கப்பட்டவர், நான் பார்த்த அளவுகள், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை. அதைப் பார்த்து நிதானமாகப் படியுங்கள், டாக்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் எரிந்து விழுந்தால் விழட்டும். வரவில்லை என்றால் இன்சார்ஜிடம் சொல்லி அடுத்த நிலை டாக்டரைக் கூப்பிடுங்கள், அழைத்த நேரத்தை எழுதி வையுங்கள்.

உடம்பு கெடுமா என்று கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி பார்த்தும் அதையே சொன்னது. நைட் பார்த்தவர்களுக்கெல்லாம் நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் நைட் அலவன்ஸுக்காக வருஷக்கணக்கில் அதிலேயே இருந்துவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் கூடுதல் நைட் கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது, கேட்டு வாங்கிப் பார்க்கவும் செய்தேன். முதல் மூன்று மாதத்துக்காவது கேட்காதீர்கள். மனசு விடாமல் கனத்தாலோ, ஆஃப் நாட்களிலும் தூக்கம் வராமல் போனாலோ டாக்டரைப் பார்த்துவிட்டு இன்சார்ஜிடம் டேக்கு மாற்றிக் கேளுங்கள், அப்படிக் கேட்டுத்தான் நானும் பத்தாம் வருஷத்தில் டேக்கு வந்தேன்.