தவளைக் கதையும் சிரிக்காத கிழவரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்க் ட்வைனின் தவளைக் கதையை இப்போதுதான் வாசித்தேன். அமெரிக்காவையே சிரிக்க வைத்த கதை என்கிறார்கள். எனக்கு ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. தவளை வருவதற்கே பாதிக் கதை போய்விடுகிறது. அதற்குள் குதிரை, நாய், பாதிரியார் மனைவி என்று எங்கெங்கோ சுற்றுகிறது. முடிவும் அந்தரத்தில் நிற்கிறது. பள்ளி ஆண்டுவிழாக்களில் கதை சொல்வது என் வழக்கம். தேவையற்றதை வெட்டி, தவளைப் பந்தயத்தை மட்டும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவே இல்லை. அந்தக் காலத்து நகைச்சுவை இன்றைக்குச் செல்லாதா, இல்லை நான் எதையாவது தவறவிட்டேனா?

ம.

அன்புள்ள ம.,

வெட்டினீர்கள் அல்லவா, அங்கேதான் கதை போய்விட்டது. பந்தயத்தை மட்டும் எடுத்தால் கையில் மிஞ்சுவது இவ்வளவுதான்: தவளை தாவும் பந்தயத்தில் ஒருவன் இன்னொருவனின் தவளைக்கு ஈயக் குண்டுகளை ஊட்டி நாற்பது டாலர் ஜெயித்தான். காவல் நிலையப் புகார் மாதிரி இருக்கிறது. யார் சிரிப்பார்கள்?

அந்தக் கதையின் நாயகர் அதைச் சொல்லும் சைமன் வீலர் என்ற வழுக்கைத் தலைக் கிழவர். ஏஞ்சல்ஸ் கேம்ப் என்ற சுரங்க ஊரின் பாழடைந்த மதுக்கடையில் கணப்படுப்பின் அருகே தூங்கிக்கொண்டிருக்கிறார். படித்த ஆசாமி ஒருவர் வந்து லியோனிடஸ் ஸ்மைலி என்ற இளம் பாதிரியாரைப் பற்றி விசாரிக்கிறார். கிழவர் அவரை மூலையில் ஒதுக்கி, தன் நாற்காலியைப் போட்டு வழியை மறித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஜிம் ஸ்மைலி என்ற சூதாடியின் கதையைத் தொடங்குகிறார். புன்னகை இல்லை, முகச்சுளிப்பு இல்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தான் சொல்வதில் வேடிக்கை இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை இது மாமேதைகள் இருவர் மோதிய வரலாறு.

இந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் வெட்டிய பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். பாதிரியாரின் மனைவி சாகக் கிடந்து தேறி வருகிறார். 'கடவுள் அருளால் பிழைத்துவிடுவாள்' என்கிறார் பாதிரியார். ஸ்மைலி யோசிக்காமல் 'பிழைக்க மாட்டார், இரண்டரை டாலர் பந்தயம்' என்கிறான். வீலர் இதைச் சொல்லிவிட்டு நிற்பதே இல்லை, அடுத்து ஸ்மைலியின் குதிரைக்குப் போய்விடுகிறார். பிறகு நாய். எதிரி நாயின் பின்னங்காலைக் கவ்வி, விடாமல் தொங்கியே ஜெயிக்கும் நாய். ஒருநாள் வட்ட ரம்பத்தில் பின்னங்கால்கள் இரண்டும் அறுபட்ட நாயோடு அதை மோதவிடுகிறார்கள். கவ்வக் கால் இல்லாததைக் கண்டு மனமுடைந்து, கொஞ்ச தூரம் நொண்டிப் போய்ப் படுத்துச் செத்துவிடுகிறது. உயிரோடு இருந்திருந்தால் பெரிய பேர் வாங்கியிருக்கும் என்று வீலர் மனமார வருந்துகிறார்.

உங்களுக்கு நியாயமாகவே பிடிபடாத ஒன்றும் உண்டு. நாயின் பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி. தவளையின் பெயர் டேனியல் வெப்ஸ்டர், செனட்டில் கர்ஜித்த பேச்சாளர். 1865 நவம்பர் 18 அன்று நியூயார்க் வார இதழ் ஒன்றில் இந்தக் கதை அச்சானபோது அந்தப் பெயர்களே பாதி வேலையைச் செய்திருக்கும்.

பந்தயக் காட்சியில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். வெளியூர்க்காரன் ஒருவன் ஸ்மைலியின் தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'மற்றத் தவளைகளைவிட இதில் விசேஷமாக எதுவும் எனக்குத் தெரியவில்லையே' என்கிறான். அவனுக்கொரு தவளை பிடித்துவர ஸ்மைலி சதுப்புக்குப் போகிறான். அந்த இடைவெளியில் வெளியூர்க்காரன் டேனியலின் வாயைத் திறந்து, காடை சுடும் குண்டுகளைக் கரண்டியால் மோவாய் வரை ரொப்பிவிடுகிறான். போட்டியில் டேனியல் தோளை உயர்த்துகிறது, அசைய முடியவில்லை. காசை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவன், கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி, முன்பு சொன்ன வாக்கியத்தையே அட்சரம் பிசகாமல் திரும்பச் சொல்லிவிட்டுப் போகிறான். முதல் தடவை அது வெகுளியின் அபிப்பிராயம். இரண்டாம் தடவை கத்தி. உங்கள் சுருக்கத்தில் இந்த இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தாலும் கதை விழுந்துவிட்டது என்றே பொருள்.

இதை ட்வைன் எங்கே கற்றார்? பன்னிரண்டு வயதை ஒட்டி அச்சுக்கூட வேலை, பிறகு மிசிசிப்பியில் நீராவிப் படகோட்டி, பிறகு நெவாடாவில் வெள்ளி தேடியது, பத்திரிகை. இதெல்லாம் எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். ஒன்று, 1865இன் தொடக்கத்தில், குளிர்காலத்தில், ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் பென் கூன் என்பவர் தவளைக் கதையைச் சொல்லக் கேட்டது. சொன்னவரும் சிரிக்கவில்லை, சுற்றியிருந்த சுரங்கத்து ஆட்களும் சிரிக்கவில்லை. அதுதான் ட்வைனைச் சுண்டியது. மற்றது அதற்கு வெகுமுன்பு, மிசௌரியில் அவருடைய சித்தப்பா முறையான ஜான் குவார்ல்ஸின் பண்ணை. அங்கே அடிமையாக இருந்த டேனியல் என்ற பெரியவர் இரவில் பிள்ளைகளுக்குச் சொன்ன 'பொன்கை' என்ற பேய்க்கதையை ட்வைன் ஆயுள் முழுக்க மேடையில் சொன்னார்.

கதை சொல்வது பற்றி 1895இல் எழுதிய கட்டுரையில் அதன் செய்முறையையே தருகிறார். இறந்த மனைவியின் பொன்கையைக் கணவன் கல்லறையைத் தோண்டி எடுத்துக்கொள்கிறான். ஆவி 'என் பொன்கை யாரிடம்?' என்று முனகிக்கொண்டே வருகிறது. கடைசிக் கேள்விக்குப் பிறகு நிறுத்த வேண்டும். கதையில் ஆழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை, முடிந்தால் ஒரு சிறுமியை, உற்றுப் பார்த்தபடியே நிறுத்த வேண்டும். பிறகு அவளை நோக்கித் துள்ளி, 'உன்னிடம்தான்!' அந்த மௌனம் குறைந்தால் பயம் ஏறியிருக்காது. கூடினால் ஏதோ வரப்போகிறது என்று ஊகித்துவிடுவார்கள். அச்சில் இதைக் காட்டவே முடியாது.

அவருடைய கிழட்டுக் கடாக் கதையும் இதே இனம்தான். ஜிம் பிளேன் சரியான அளவில் குடித்திருந்தால் மட்டுமே தன் தாத்தாவின் கடாவைப் பற்றிச் சொல்வார். கடாவில் தொடங்கி, கம்பளத் தறியில் சிக்கிப் பதினான்கு கஜக் கம்பளத்தோடு சேர்த்து நெய்யப்பட்டுவிட்ட ஒருவர் வரை போய்த் தூங்கிவிடுவார். கடாவுக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை யாருக்கும் தெரியாது. மேடையில் இதைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் செத்துப்போகிறது என்பதை ட்வைன் அனுபவத்தில் கண்டார். மனப்பாடம் செய்தார், சொல்லச் சொல்ல வாக்கியங்கள் இளகி வேறாகிவிட்டன. 1894இல் பதிப்பகம் திவாலாகி, அச்சுக்கோக்கும் இயந்திரமொன்றில் போட்ட பணமும் போனபின், ஐம்பத்தொன்பது வயதில் உலகம் சுற்றிக் கடனை அடைக்கக் கிளம்பியபோது கைகொடுத்தது இந்த மேடைப் பயிற்சிதான். 1896 ஜனவரியில் கொழும்பிலும் இறங்கி, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தார்.

இந்த உத்தி கவிழ்ந்ததும் உண்டு. 1877 டிசம்பரில் பாஸ்டனில் கவிஞர் விட்டியரின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து. எமர்சன், லாங்ஃபெலோ, ஹோம்ஸ் என்ற பெரும் எழுத்தாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு மூன்று நாடோடிகள் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசையில் குடித்துச் சீட்டில் ஏமாற்றிய கதையை அதே உறைந்த முகத்தோடு சொன்னார். அந்த மூவரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சபை உறைந்துபோனதாகப் பின்னாளில் எழுதினார். மூவருக்கும் மன்னிப்புக் கடிதமும் போனது. சுரங்க ஊர்களில் அவை வெறும் பெயர்கள். எதிரே நரைத்த தலையோடு எமர்சன் இருக்கும்போது கேட்பவர்களின் கண் கதைசொல்லியின் முகத்தில் எப்படி நிற்கும்?

இந்தச் சிரிக்காத முகத்தை அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதற்கு ஹக்கிள்பெரி ஃபின் நாவலின் 32ஆம் அத்தியாயம் ஒன்றே போதும். படகில் வெடிவிபத்து என்று கதையைச் சொல்லும் சிறுவன் ஹக் பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை கேட்கிறார். இல்லை, கறுப்பன் ஒருவன் செத்தான் என்கிறான். 'நல்லவேளை, சில சமயம் மனுஷங்களுக்கு அடிபட்டுவிடுகிறது' என்கிறார் அத்தை. அவர் அன்பான பெண்மணி, அதுதான் கொடுமை. ஆசிரியர் அருகில் வந்து ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. இங்கே வேலை செய்வது சைமன் வீலரின் முகமேதான். என் பார்வையில் ட்வைனின் ஆகப்பெரிய சாதனை இந்த நான்கு வரி.

மறுபடி முயல்வதானால், குதிரையையும் நாயையும் முழுக்கச் சொல்லுங்கள். வெளியூர்க்காரனின் வாக்கியத்தை இரு முறையும் மாறாமல் சொல்லுங்கள், இரண்டாவதற்கு முன் நிறுத்துங்கள். தவளையைத் தூக்கி 'ஐந்து பவுண்டு கனக்கிறதே' என்று ஸ்மைலி வியக்குமிடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரும், அடக்குங்கள். ஆண்டுவிழாவில் பத்து நிமிடத்துக்கு மேல் தர மாட்டார்கள் என்றால் தவளையை விட்டுவிட்டுப் பொன்கையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு முதல் வரிசையில் எல்.கே.ஜி. பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.