எத்தனை மாத்திரை மறந்தீர்கள் என்பதைவிட எந்த வாரம் மறந்தீர்கள் என்பதே முக்கியம்

கேள்வி: கருத்தடை மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டா? இடையில் ஒன்றிரண்டு மறந்துவிட்டால் என்ன செய்வது?

வாய்ப்பு உண்டு. ஆனால் அது எவ்வளவு என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. ஒன்றுகூடத் தவறாமல், சொன்னது சொன்னபடி சாப்பிடும் 1000 பெண்களில் ஓராண்டில் சுமார் 3 பேர் கருத்தரிக்கிறார்கள். அதே மாத்திரையை மறந்தும், தாமதித்தும், அடுத்த அட்டை வாங்க நாளாகியும், அதாவது நம்மில் பெரும்பாலோர் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டால், 1000 பேரில் சுமார் 70 பேர். மருந்து ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் சாப்பிடும் விதத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவள், ஒருமுறை கோட்டைவிட்டு மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்தவள் என்ற இரண்டு தகுதிகளோடு எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மாதந்தோறும் இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையில் முட்டையை வளர்க்கிறது, எல்.எச். என்பது நடு மாதத்தில் சட்டென உயர்ந்து, வளர்ந்த முட்டையை வெளியேற்றுகிறது. வழக்கமான கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய வேறு இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. இவை நாள்தோறும் இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால் பிட்யூட்டரி அடங்கிப்போகிறது. முட்டை முதிர்வதும் இல்லை, வெளிவருவதும் இல்லை. முட்டையே வராதபோது கரு உருவாக வழியில்லை. இதற்குமேல், கருப்பை வாயில் உள்ள சளி கெட்டியாகி விந்தணுக்களைத் தடுக்கிறது, கருப்பையின் உட்சுவரும் மெலிகிறது. ஆயினும் முதல் காவல் முட்டையைத் தடுப்பதுதான்.

இப்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல அட்டைகளில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 ஒரு நிறம், கடைசி வரிசையில் உள்ள 7 வேறு நிறம். அந்த ஏழில் ஹார்மோன் எதுவும் கிடையாது. சிலவற்றில் இரும்புச்சத்து இருக்கும், அவ்வளவே. தினமும் ஒன்று விழுங்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வாரத்தில் வரும் உதிரப்போக்கு ஹார்மோன் நின்றதால் வருவது. முட்டை வெளிவந்த பின் வரும் இயல்பான மாதவிடாய் அன்று.

யாரும் அதிகம் பேசாத செய்தி இந்த ஏழு நாட்களில்தான் இருக்கிறது. சினைப்பையை முழுமையாக அடக்க ஏறத்தாழ ஏழு நாட்கள் தொடர்ந்து மாத்திரை தேவை. ஹார்மோன் இல்லாத இந்த இடைவெளி வாரத்தில் பிட்யூட்டரி மெல்ல விழித்துக்கொள்கிறது, எஃப்.எஸ்.எச். ஏறத் தொடங்குகிறது, சினைப்பைக்குள் முட்டையைச் சுமக்கும் சிறு பை ஒன்று வளரவும் ஆரம்பிக்கிறது. புது அட்டையின் முதல் மாத்திரை குறித்த நாளில் வந்து அதை அமுக்கிவிடுகிறது. அந்த மாத்திரை இரண்டு நாள் தாமதமானால் இடைவெளி ஏழு நாளாக இல்லாமல் ஒன்பது நாளாகிறது. அதற்குள் முட்டை வெளிவந்துவிடக்கூடும். ஆகவே அட்டையின் தொடக்கத்தில் மறப்பதுதான் மிக ஆபத்தானது. நடு வாரத்தில் ஒன்றை மறப்பதால் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. நாமோ இதைத் தலைகீழாக நினைக்கிறோம்: பதினான்காம் நாளில் மறந்தால் பதறுகிறோம், புது அட்டையை இரண்டு நாள் கழித்துத் தொடங்கினால் கவலையே படுவதில்லை.

1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற முதல் மாத்திரையான எனோவிடில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். பக்கவிளைவுகள் குறைந்தன, கூடவே, மறதியைத் தாங்கும் சக்தியும் குறைந்தது. சில புதிய மாத்திரைகளில் இடைவெளியை நான்கு நாளாகக் குறைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்த தவறும் இதுதான். வெளியூர்ப் பயணத்தில் புது அட்டை வேறு பைக்குள் போய்விட்டது. உதிரப்போக்கு ஒழுங்காக வந்து நின்றதால், இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். அந்த இடைவெளியின் கடைசி இரவில் உறவும் நடந்தது. மறுநாள் ஏதோ உறுத்தி மருத்துவரிடம் போனபோது, "எத்தனை மறந்தீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை, "அட்டையில் எந்த வரிசை?" என்றுதான் முதலில் கேட்டார். உடனே ஓர் அவசரக் கருத்தடை மாத்திரை கொடுத்து, புது அட்டையை அன்றே தொடங்கச் சொன்னார். அடுத்த ஏழு நாளும் ஆணுறை கட்டாயம் என்றார்.

மறந்தால் செய்ய வேண்டியது இது. ஒரு மாத்திரையை மட்டும் மறந்திருந்தால், நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு சாப்பிட நேர்ந்தாலும் தவறில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், கடைசியாகத் தவறியதை மட்டும் சாப்பிட்டுத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை பயன்படுத்துங்கள். இது மூன்றாவது வாரத்தில் நடந்தால் ஹார்மோன் இல்லாத ஏழு மாத்திரைகளையும் விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் நடந்து, முந்தைய ஐந்து நாட்களுக்குள் உறவும் இருந்திருந்தால், அவசர மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

அவசர மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. அதிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து (1.5 மில்லிகிராம்) முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அதனால் 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வது அதைவிட உறுதியான வழி.

மேலே சொன்னதெல்லாம் இரு ஹார்மோன் மாத்திரைக்கே பொருந்தும். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகளில் பழைய வகைக்கு மூன்று மணி நேரத் தாமதமே அதிகம். டெசோஜெஸ்ட்ரல் வகைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை சலுகை உண்டு. மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்று சாப்பிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், பெனிட்டாயின் ஆகியவை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். சாதாரண ஆண்டிபயாடிக்குகள் குறைக்கும் என்ற பரவலான பயத்துக்கு ஆதாரம் இல்லை. 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்களும், இரத்தக்கட்டி வந்தவர்களும், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

சந்தேகம் வந்தால் மறுநாளே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பயனில்லை. உறவு நடந்து 21 நாள் ஆன பிறகே அதன் முடிவை நம்பலாம். கரு உருவானது தெரியாமல் சில நாள் மாத்திரையைத் தொடர்ந்துவிட்டாலும், அதனால் குழந்தைக்கு ஊனம் வரும் என்ற அச்சம் தேவையில்லை. தெரிந்தவுடன் நிறுத்தினால் போதும். நான் 22-ஆம் நாள் விடியற்காலையில் பரிசோதித்தேன். ஒற்றைக் கோடுதான். அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டிய தேதியைக் கைபேசியில் குறித்து, அதற்கு இரண்டு அலாரமும் வைத்த பிறகுதான் அன்று வேலைக்குக் கிளம்பினேன்.