மருத்துவம்: கேள்வி–பதில்
முதுகுத்தண்டு, தண்டுவடம், டிஸ்க்

கேள்வி: முதல் பிரசவத்தில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். அதன்பிறகு கொழுந்து மூட்டை தூக்கினாலே இடுப்பு வலிக்கிறது. ஊசி தண்டுவடத்தில் குத்தியிருக்குமோ? இப்போது இரண்டாவது குழந்தை. பயமாக இருக்கிறது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: பயப்படாதீர்கள். ஊசி போடும் இடத்தில் தண்டுவடமே கிடையாது. முதுகெலும்புத் தொடர் வால் எலும்புவரை நீண்டாலும், உள்ளே இருக்கும் நரம்புக் கற்றையான தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்தான். இடுப்புப் பகுதியின் 5 எலும்புகளில் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் அது முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை தண்டுவடத் திரவத்தில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி பட்டாலும் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். மயக்க மருந்து நிபுணர் இருபுற இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தடவிப் பார்ப்பார். அவற்றை இணைக்கும் கோடு நான்காவது எலும்பையொட்டிப் போகும். அந்த எலும்புக்குச் சற்று மேலோ கீழோ உள்ள இடைவெளியில்தான் ஊசி இறங்கும். முதுகை வளைத்து உட்காரச் சொல்வது அந்த இடைவெளி விரிவதற்காக. அப்போது அசையாமல் இருந்தால் போதும்.

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீளும் வலிக்குப் பெரும்பாலும் கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களும் வலுவிழந்த வயிற்றுத் தசைகளும்தான் காரணம். அதோடு சரிவில் சுமையும் சேர்ந்துகொள்கிறது. ஊசிக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி கூடி, படுத்தால் குறைந்தால், அது திரவக் கசிவாக இருக்கலாம். உடனே சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

கேள்வி: கேரட் மூட்டை ஏற்றும் என் கணவருக்கு எம்.ஆர்.ஐ.யில் ‘எல்4–எல்5 டிஸ்க்’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் கட்டாயமா?
– வாசகி, ஊட்டி

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. எல்4–எல்5 டிஸ்க் என்பது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு. வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் டிஸ்க் புடைப்பு தெரிவதுண்டு. அதனால் ரிப்போர்ட்டைவிடக் காலைப் பாருங்கள். இந்த டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர்தான் நசுங்கும். அப்போது கால் பெருவிரலை மேலே தூக்கும் வலு குறையும், குதிகாலில் நடப்பது சிரமமாகும். இதற்கு அடுத்த கீழ் டிஸ்க் என்றால் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும், நுனிக்காலில் எம்ப முடியாது.

வலு குறையாமல் வலி மட்டும் என்றால், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அடங்கிவிடும். நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டாம். சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். இரவில் டிஸ்க் நீரை இழுத்து உப்பியிருக்கும், ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம். வேலைக்குத் திரும்பிய பின் மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கட்டும். குனிந்த நிலையில் இடுப்பை முறுக்கி லாரிப் பக்கம் திரும்புவதுதான் டிஸ்க்கின் பின்சுவரைக் கிழிக்கும். காலை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், உட்காரும் இடமும் பிறப்புறுப்பும் மரத்தால், இரு கால்களும் தளர்ந்தால், அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தாமதித்தால் சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம்.

கேள்வி: சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் விழுந்தால் போர்வையில் தூக்கி ஜீப்பில் ஏற்றுகிறோம். சரியா?
– வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். போர்வை நடுவில் தொய்ந்து முதுகை மடக்கிவிடும். உயரத்திலிருந்து காலூன்றி விழுபவருக்கு அடிக்கடி உடைவது விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடம். தண்டுவடத்தின் கீழ்முனையும் அங்கேதான் இருக்கிறது. எலும்பு மட்டும் உடைந்திருந்தால் ஆறிவிடும். தூக்கும்போது உடைந்த துண்டு தண்டுவடத்தை நசுக்கினால் கால்களின் அசைவு திரும்பாமலே போகலாம்.

மூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவிதான் முதல் வேலை. மூச்சு இருந்தால் எழுப்பி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். நம் ஊர்க் குளிருக்கு மேலே கம்பளி போர்த்துங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் என்று நால்வர் பிடித்து, தலையைப் பிடித்தவர் சொல்லும்போது ஒரே சமயத்தில் பக்கவாட்டில் புரட்டிப் பலகையைச் செருகுங்கள். வாந்தி வந்தாலும் இப்படியேதான் புரட்ட வேண்டும். யானை நெருங்கும் ஆபத்து என்றால் மட்டும் தோள்பக்கச் சட்டையைப் பிடித்து, உடல் நேராக இருக்கும்படி இழுத்துச் செல்லலாம்.

விழுந்த நேரம், உயரம், விழுந்தவுடன் கால்விரல்களை அசைத்தாரா என்ற மூன்றையும் ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லுங்கள். குதிகால் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள், குதிகால் எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்தே உடைவதுண்டு.