மல்லிகைக் கொழுந்து வெளுத்தால் தூரில் ஆசிட் விடலாமா?

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பயிரிடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 8.3 என்று வந்தது. சொட்டுநீர்க் குழாய் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தூரில் விட்டால் சரியாகும் என்கிறார்கள். விடலாமா?”

விட வேண்டாம். நீங்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறைக்கான அடையாளம். தழைச்சத்துக் குறையாக இருந்தால் அடியிலுள்ள முற்றிய இலைதான் முதலில் வெளுக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, அது கரையாமல் கிடக்கிறது. பி.எச். அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும். கரையக்கூடிய இரும்போ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

8.3 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சுண்ணாம்பின் நினைவுதான் வருகிறது. காய்ந்த மண்ணை ஒரு கரண்டி தட்டில் எடுத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, காதருகே வைத்துப் பாருங்கள். சொரசொரவென்று நுரைத்தால், சுக்காங்கல்லாகவும் பொடியாகவும் மண்ணில் கலந்துள்ள சுண்ணாம்பு அமிலத்தைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று பொருள். தூரில் விடும் ஆசிட்டுக்கும் இதுவே நேரும். ஓர் ஏக்கரின் அரையடி மேல்மண் சுமார் 900 டன். அதில் சுண்ணாம்பு நூற்றுக்கு ஒன்று என்றாலே 9 டன். அதை முழுக்கக் கரைக்க ஏறத்தாழ அதே எடை அடர் கந்தக அமிலம் வேண்டும். அதற்குக் குறைவாக விட்டால் சில நாளில் பி.எச். பழைய இடத்துக்கே திரும்பும். அதற்குள் சல்லிவேர் வெந்துவிடும். ஜிப்சமும் இங்கே உதவாது, அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து.

ஆகவே மண்ணோடு போராடாமல் இலைவழியே இரும்பைக் கொடுங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பிறகு 50 கிராம் அன்னபேதியையும் (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். கிணற்றுநீர் உப்பாகவும் காரமாகவும் இருந்தால், சிட்ரிக் அமிலம் சேர்க்காத கரைசல் சிறிது நேரத்தில் துருநிறமாகிக் கலங்கும். அப்படிக் கலங்கியதை இலையில் அடித்துப் பயனில்லை. பதினைந்து நாளுக்கொரு முறை தெளித்து, புதுக்கொழுந்து பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். முன்பே வெளுத்த இலை முழுதும் தேறாமல் போகலாம்.