கலெக்‌ஷனுக்குப் போன பழைய பாக்கி: கட்டினால் ரிப்போர்ட்டிலிருந்து மறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது, இணைய இணைப்பு நிறுவனத்துக்குத் தர வேண்டிய 640 டாலர் விட்டுப்போனது. இப்போது அது ஒரு வசூல் நிறுவனத்தின் பெயரில் என் கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) நிற்கிறது. அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் வாங்க எண்ணியுள்ளேன். உடனே கட்டிவிட்டால் அந்தப் பதிவு நீங்கிவிடுமா?

பதில்: தானாக நீங்காது. பாக்கி பூஜ்யமாகி, 'செலுத்தப்பட்டது' என்று நிலை மாறுமே தவிர, கணக்கு பொதுவாக ரிப்போர்ட்டில் தொடர்ந்து இருக்கும். எனவே, வசூல் நிறுவனத்திலிருந்து அழைப்பவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காகத் தொலைபேசியிலேயே அட்டை எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். தொகையைவிட முதலில் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் இரண்டு கெடுக்கள் தனித்தனியாக ஓடுகின்றன. பலர் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, ரிப்போர்ட்டில் பதிவு நிற்கக்கூடிய காலம். மூல நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கட்டத் தவறிய நாளிலிருந்து 180 நாட்கள் கழித்துத் தொடங்கும் 7 ஆண்டுகள்தான் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. கடன் எத்தனை நிறுவனங்களிடம் கைமாறினாலும், நீங்கள் இடையில் பணம் கட்டினாலும், அந்தத் தொடக்க நாள் மாறாது. மாற்றிக் காட்டினால் அது சட்டமீறல். இரண்டாவது, உங்கள் மீது வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு. இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெரும்பாலான மாநிலங்களில் 3 முதல் 6 ஆண்டுகள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது: பல மாநிலங்களில் ஒரு சிறு தொகையைக் கட்டினாலோ, கடன் என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாலோ, இந்தக் காலவரம்பு மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நல்லெண்ணத்துக்கு 25 டாலர் அனுப்புங்கள் என்று வசூலிப்பவர் கேட்டால், அந்த நல்லெண்ணம் யாருக்குப் பயன்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் நிறுவனங்களிடமிருந்தும் (ரிப்போர்ட்டைத் தயாரிப்பவை இவைதான்) ரிப்போர்ட்டை எடுத்து, தொகையும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வசூல் நிறுவனம் கடன் விவரங்களை உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுத்தால், ஆதாரத்தை அனுப்பும்வரை வசூல் முயற்சியை அவர்கள் நிறுத்தி வைக்க வேண்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியுடன் தபாலில் அனுப்புவதே பாதுகாப்பு. ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் கிரெடிட் நிறுவனத்திடமே முறையிடலாம். அவர்கள் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். சரியான பதிவை வெறுமனே மறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதையும் நீக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். வேலை முடியுமுன் அவர்கள் கட்டணம் வாங்குவதையே சட்டம் தடை செய்கிறது.

கடன் உங்களுடையதே, தொகையும் சரி என்றால் என்ன செய்வது? உங்கள் நிலையில் இருப்பவர் கட்டுவதே நல்லது என்பது என் கருத்து. ரிப்போர்ட்டை வைத்து உங்கள் கடன் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் (ஸ்கோர்) போடும் முறைகளில், ஃபைக்கோ 9 போன்ற புதியவை முழுதாகத் தீர்க்கப்பட்ட கலெக்‌ஷன் கணக்கைப் பொருட்படுத்துவதில்லை. பரவலாகப் பயன்படும் ஃபைக்கோ 8 அப்படியல்ல. வீட்டுக் கடனில் நெடுங்காலமாக அதைவிடப் பழைய பதிப்புகளே நடைமுறையில் இருப்பதால், கட்டிய மறுமாதமே ஸ்கோர் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவரின் கண்ணுக்கு, தீர்த்த கடனும் தீர்க்காத கடனும் ஒன்றல்ல.

பணம் கொடுத்தால் பதிவையே நீக்குவீர்களா என்று வசூல் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சம்மதித்தால், கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்துக் கட்டும் உடன்பாடாக இருந்தால், மீதித் தொகை இனி கோரப்படாது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். தள்ளுபடியான தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படும்; அது 600 டாலரோ அதற்கு மேலோ ஆனால் வரிப் படிவம் வரக்கூடும். உங்கள் தொகைக்கு அந்தப் படிவம் அநேகமாக வராது.

இடையில் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும், கடன் எவ்வளவு பழையதாக இருந்தாலும், குறித்த நாளுக்குள் பதில் தாக்கல் செய்யுங்கள். காலவரம்பு கடந்துவிட்டது என்பதைக்கூட நீங்கள் போய்ச் சொன்னால்தான் நீதிமன்றம் கவனிக்கும். கட்டி முடித்தபின் கிடைக்கும் கடிதத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தீர்ந்த கடன்கள் தவறுதலாக இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்படுவதும், அவர்கள் மறுபடி அழைப்பதும் உண்டு.