பனித்தரையில் பெயர்கள்

கேள்வி: ரஷ்ய ஸ்கேட்டிங் நட்சத்திரங்களின் பெயர்கள் எல்லாம் ரஷ்ய மொழியில் பிறந்தவைதானா?

பதில்: நிறைய பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 988-இல் கீவ் இளவரசர் விளாதிமிர், கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசின் கிறிஸ்தவத்தை ஏற்றார். புனிதர்களின் பெயர்களும் கூடவே வந்தன. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற இரினா ரோத்னினாவின் பெயருக்கு ‘அமைதி’ என்று பொருள். ஸ்கேட்டர் பிளுஷென்கோவின் முதற்பெயர் ‘எவ்கேனி’ என்றால், நற்குடிப் பிறந்தவன்.

எனக்கு உயிர், 1964, 1968 தங்க ஜோடி லுத்மிலா பெலவூசவா, ஒலெக் புரோத்தபோபவ். அவர் ஒரு கையால் பிடித்துச் சுழற்ற, லுத்மிலாவின் தலை பனியை உரசுவதுபோலத் தாழும். பழைய வீடியோவை இன்றும் பார்ப்பேன். லுத்மிலா அசல் ஸ்லாவியப் பெயர். ஒலெக், வைக்கிங்குகளின் ‘ஹெல்கி’ என்ற பெயரிலிருந்து வந்தது.

அப்புறம், 2018-இல் 15 வயதில் தங்கம் வென்ற அலினா ஸகீத்தவா. பிறந்து ஒரு வருடம் வரை பெயரில்லாமல் இருந்த குழந்தை! ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அலினா கபாயெவாவைப் பார்த்துத்தான் பெற்றோர் பெயர் வைத்தார்கள்.